92ஆ, 95ஆ: காருக்கு ஏற்ற பெற்றோலைத் தெரிவுசெய்தல்

இலங்கையின் எரிபொருள் நிரப்பு நிலையங்களில் காணப்படும் 92, 95 என்னும் எண்கள் பெற்றோலின் தூய்மையையோ வலுவையோ குறிப்பவை அல்ல. சிலிண்டருக்குள் அமுக்கப்படும் எரிபொருள், பிளக்கின் பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அவை காட்டுகின்றன. அவ்வாறு முந்திப் பற்றும்போது எழும் உலோகத் தட்டலையே கராஜ்களில் நொக்கிங் என்பர். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும், தட்டலைத் தாங்கும் ஐசோஒக்டேனுக்கு 100 என்றும் வைத்துக்கொண்டு, பின்னது 95 பங்கும் முன்னது 5 பங்கும் சேர்ந்த கலவைக்கு நிகராகச் சோதனை இயந்திரத்தில் நடந்துகொள்ளும் பெற்றோலுக்கு 95 ஒக்டேன் என்று பெயரிடப்படுகிறது.

முதலில் செய்யவேண்டியது, இயந்திரம் கேட்கும் எண்ணை உரிமையாளர் கையேட்டிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கண்டறிவது. ஜப்பானில் பாவித்து இறக்குமதியான கார்களில் எண் இல்லாமல், ‘ரெகுலர்’ அல்லது ‘ஹைஒக்’ என்ற சொல் மட்டும் ஜப்பானிய எழுத்தில் இருப்பதுண்டு. அந்நாட்டுத் தரநிர்ணயப்படி முன்னதன் குறைந்தபட்ச ஒக்டேன் 89, பின்னதன் குறைந்தபட்சம் 96. ஆகவே ரெகுலருக்கென வடிவமைத்த காருக்கு 92 தாராளமாகப் போதும், ஹைஒக் கேட்கும் காருக்கோ 95கூட ஓர் எண் குறைவு என்பதால் 92 பொருந்தாது. அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதும் ஆபத்தானதே: மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் விகிதம் 13 ஆயினும், அதன் உள்ளிழுப்பு வால்வு தாமதித்து மூடுவதால் உண்மையான அமுக்கம் குறைந்து, ஜப்பானில் அது ரெகுலரிலேயே ஓடுகிறது.

அடுத்து, எண் எந்த அளவுகோலுக்குரியது என்பதைப் பார்க்கவேண்டும். இலங்கையிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வழங்குவது ஆய்வு ஒக்டேன் எண். அமெரிக்காவிலோ அதனையும், கடினமான நிலையில் அளக்கப்படும் மோட்டார் ஒக்டேன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரியே பம்பில் எழுதப்படுகிறது. அமெரிக்கக் கையேட்டின் 87 இங்கு ஏறத்தாழ 91 அல்லது 92க்கும், அதன் 91 இங்கு 95 அல்லது 96க்கும் நிகர் என்பதறியாமல், 91 எனப் படித்துவிட்டு 92 நிரப்புவோர் குறைந்த தரத்தையே நிரப்புகின்றனர்.

கையேடு ஓர் எண்ணைக் கட்டாயம் என்கிறதா, பரிந்துரை என்கிறதா என்பதும் முக்கியம். பரிந்துரை எனில், நொக் உணரி தட்டலை அறிந்து பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவதால் இயந்திரம் காப்பாற்றப்படும், ஆனால் வலுவும் எரிபொருட் சிக்கனமும் குறையும். கட்டாயம் எனில், குறிப்பாக டர்போ பூட்டிய காரில், விட்டுக்கொடுக்க இடமில்லை. 92 போதுமான காருக்கு 95 நிரப்புவது பெரும்பாலும் வீண்செலவு.

தவறுதலாக 92 நிரம்பிவிட்டால், தாங்கி பாதியானதும் 95ஐச் சேர்த்தால் கலவை ஏறத்தாழ 93.5 ஆகும், அதுவரை கடுகண்ணாவ போன்ற ஏற்றங்களில் உயர் கியரில் அழுத்தி ஓட்டாதிருப்பது நல்லது. சரியான தரம் நிரப்பியும் தட்டல் ஓயாவிட்டால், சிலிண்டரில் படிந்த கரியைச் சோதிக்கச் சொல்லவேண்டும்.