மெனுவைத் தமிழாக்கினால் சேர்த்து வைத்தது போய்விடுமா?

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தராக இருக்கிறேன். பத்து வருடமாக எல்லாப் பத்திரமும் லிப்ரேஆபிஸ் ரைட்டரில்தான். கிரயம், தானம், விடுதலை, அடமானம் என்று ஒவ்வொன்றின் வாசகத்தையும் ஆட்டோடெக்ஸ்டில் பதிந்து வைத்திருக்கிறேன். இரண்டெழுத்து அடித்து எஃப்3 தட்டினால் முழுப் பத்தியும் வந்துவிடும். இப்போது மகள் உதவிக்கு வருகிறாள். தமிழ் வழியில் படித்தவள், மெனு தமிழில் இருந்தால் அவளுக்குச் சுலபம். ஆங்கில லிப்ரேஆபிஸை நீக்கிவிட்டுத் தமிழைப் போட்டுத் தருவதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி சொல்கிறார். சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஓர் ஆவண எழுத்தர், ஆரணி

பதில்: எதையும் நீக்க வேண்டாம் என்று முதலில் அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. லிப்ரேஆபிஸில் ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு மென்பொருள் கிடையாது. விண்டோஸுக்கான நிறுவல் கோப்புக்குள்ளேயே தமிழ் மெனுவும் இருக்கிறது. அதே கோப்பை மறுபடி இயக்கி, 'மாடிஃபை' என்பதைத் தேர்ந்து, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் போதும். பிறகு ரைட்டரைத் திறந்து, டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் மட்டும் தமிழ் என்று வையுங்கள். மூடித் திறந்தால் மெனு தமிழில் வரும்.

உங்கள் வாசகங்கள் மென்பொருளோடு சேர்ந்து இருப்பவை அல்ல. விண்டோஸில் உங்கள் பெயரிலான கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்று மறைந்திருக்கும் ஒன்று உண்டு. அதில் ரோமிங், லிப்ரேஆபிஸ், 4, யூசர் என்று வரிசையாக உள்ளே போனால் ஆட்டோடெக்ஸ்ட், தானாகத் திருத்தும் 'ஆட்டோகரெக்ட்' பட்டியல், நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்கள், வார்ப்புருக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த 4 என்ற பெயர் 2013இல் நான்காம் பதிப்பு வந்தபோது வைத்தது. பதிப்பு எண் எவ்வளவோ ஏறியும் அது மாறவில்லை. பழைய கோப்புறை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

மென்பொருளை முறைப்படி நீக்கினால்கூட இந்தக் கோப்புறை அப்படியே இருக்கும். பொருளைப் பறிகொடுக்க வைப்பவை வேறு: மிச்சம் மீதியைத் துடைக்கும் 'கிளீனர்' மென்பொருள்கள், காப்பி எடுக்காமல் செய்யும் ஃபார்மேட். இன்னொன்று, மகளுக்கென்று விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு திறந்தால் அவருக்கு உங்கள் வாசகம் எதுவும் தெரியாது. எதுவும் அழிந்திருக்காது, உங்கள் கணக்கில் இருக்கும். உங்கள் யூசர் கோப்புறையை அவர் கணக்கில் அதே இடத்துக்கு நகலெடுத்தால் அவருக்கும் வந்துவிடும்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் ஆட்டோகரெக்ட். ஆட்டோடெக்ஸ்டில் நீங்கள் பதிந்தது எந்த மொழியிலும் வேலை செய்யும். ஆட்டோகரெக்ட் பட்டியலோ மொழிக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்பில் சேமிக்கப்படுகிறது. ஆங்கிலத்தின் கீழ் சேர்த்த சுருக்கம், தமிழ் என்று குறிக்கப்பட்ட பத்தியில் விரியாது. போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிக்க உட்காராதீர்கள். ஆட்டோகரெக்ட் பெட்டியின் மேலே உள்ள மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தைத் தேர்ந்தால் பழையது அப்படியே தெரியும். இனிமேல் சேர்ப்பதை 'ஆல்' என்பதன் கீழ் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

மெனு மொழிக்குப் பக்கத்திலேயே 'லொகேல்' என்றொரு தேர்வு இருக்கும். தசமப் புள்ளி, தேதி, நாணயக் குறி ஆகியவற்றைத் தீர்மானிப்பது அது. அதைத் தொடவே வேண்டாம். நீங்கள் அடித்து வைத்த பத்திரக் கோப்புகளில் மெனு மாற்றத்தால் ஓர் எழுத்துகூட மாறாது.

தமிழ் மெனுவில் வழி தெரியாமல் திகைத்தால் ஆல்ட் விசையோடு எஃப்12 தட்டுங்கள். மெனு எந்த மொழியில் இருந்தாலும் ஆப்ஷன்ஸ் பெட்டி திறக்கும், ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடலாம்.

தம்பி வருவதற்கு முன் லிப்ரேஆபிஸை முழுதாக மூடிவிட்டு, அந்த யூசர் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இன்று கடை சாத்துமுன் இதைச் செய்துவிடுங்கள், ஐயா.