அட்டவணை யாக்கமும் தரவு அகராதியும்

இக்காலத்துப் பெருந்தொழில் நிறுவனங்களின் கணக்குகள் பெரும்பாலும் கணினிகளில் அட்டவணைகளாகவே காக்கப்பெறுகின்றன என்பதை நம் மாணவர் அறிவர். அட்டவணை என்பது வரிசையும் பத்தியுமாகக் கிழித்த கட்டந்தானே, அதனைச் சமைப்பதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதே எம் விடை. அதற்கு எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருளை ஈண்டுச் சான்றாகக் கொள்வோம்.

கணிதத்தில் வழங்கும் 'உறவு' என்னும் கருத்தைக்கொண்டு தரவுகளை அட்டவணைகளாக அமைக்கலாகும் என்று 1970-ஆம் ஆண்டில் எட்கார் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரை வரைந்தார். அப்பொழுது அவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றி வந்தார். அந்நிறுவனத்தின் ஜெர்மன் கிளையினின்று விலகிய ஐவர் 1972-இல் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் மென்பொருளில் அட்டவணை சமைக்குங் கருவி எஸ்.ஈ.11 என்னுங் கட்டளையால் திறக்கப்படும். அக்கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் 'அகராதி' என்பது. இப்பெயர் கருதத்தக்கது. அட்டவணை பிறக்குமுன் அதன் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கப்படல் வேண்டும் என்பதே அக்கருவியின் நெறி.

அந்நெறி மூன்று படிகளை உடையது. முதற்படி 'டொமைன்'. ஒரு மதிப்பு எழுத்தோ எண்ணோ, அதன் நீளம் எத்துணை, எவ்வெம் மதிப்புகள் ஏற்கப்படும் என்பன இங்கே கூறப்படும். இரண்டாம் படி 'டேட்டா எலிமென்ட்'. அம்மதிப்பு எதனைக் குறிக்கின்றது, திரையில் அதற்கு எத்தலைப்புத் தோன்றும், உதவி வேண்டுவோர்க்கு எவ்விளக்கம் காட்டப்படும் என்பன இங்கே அமையும். சரக்கை அனுப்பும் ஆலை, பெறும் ஆலை என்னும் இரண்டற்கும் டொமைன் ஒன்றே. பொருள் வேறாதலின் டேட்டா எலிமென்ட் இரண்டாம். மூன்றாம் படியிலேதான் அட்டவணையும் அதன் புலங்களும் வருகின்றன.

பயிலத் தொடங்குவோர் முதலிரு படிகளையும் வீண் சுமையென்று எண்ணி, புலத்துக்கு நேரே '18 எழுத்து' என்று எழுதிவிடுவதுண்டு. கருவியும் அதனைத் தடுப்பதில்லை. தீங்கு பின்னரே விளையும். பொருளெண்ணைக் குறிக்கும் 'மாட்என்ஆர்' என்னும் புலம் நெடுங்காலம் 18 எழுத்துக்களே உடையதாயிருந்தது. 2015-இல் வந்த எஸ்/4 ஹானா 1511 பதிப்பில் அது 40 ஆக்கப்பட்டது. அகராதியின் சொல்லைக் கொண்டு சமைத்த புலங்கள் தாமே நீண்டன. கையால் 18 என்று எழுதிய இடங்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. (அப்பெயர் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாதவரும் இத்தொழிலில் இத்தகைய பெயர்களை நாளும் உச்சரிப்பர்!)

பணத்தொகையைப் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. தொகைக்குரிய புலம் ஒன்றை அமைத்தால், அது எந்நாட்டு நாணயம் என்று கூறும் மற்றொரு புலத்தையும் அதனோடு பிணைத்தல் வேண்டும்; பிணையாவிடின் கருவி அட்டவணையை ஏற்காது. இஃது ஏன் எனின், தொகைகள் வழக்கமாக இரண்டு தசம இடங்களோடு வைக்கப்படுகின்றன. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறைப் பிரிவு வழக்கில் இல்லை. ஆதலின் 1,000 யென் உள்ளே 10.00 என்றே கிடக்கும். நாணயத்தின் பெயரைச் சேர்த்துப் படித்தாலன்றி மெய்த்தொகை வெளிப்படாது. எண்ணை மட்டும் எடுத்து அச்சிடுபவன் நூற்றில் ஒரு பங்கையே காட்டுவான். சரக்கின் அளவுக்கும், கிலோவோ லிட்டரோ என்று கூறும் புலம் இவ்வாறே வேண்டும்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவோம். நிறுவனத்தார் தாமே ஆக்கும் அட்டவணைகளின் பெயர் இசட் அல்லது ஒய் என்னும் எழுத்திற் றொடங்கல் மரபு; எஸ்.ஏ.பி. தரும் அட்டவணைகளோடு அவை மயங்காமைப் பொருட்டு. ஒரே அமைப்பில் வெவ்வேறு 'கிளையன்ட்' பிரிவுகளின் கணக்குகள் கலவாதிருக்க, அட்டவணையின் முதற் புலமாக மூன்று இலக்கமுள்ள கிளையன்ட் எண் வைக்கப்படும்.

நிற்க. இவ்வளவும் எழுதி முடித்த பின்னும் அட்டவணை பிறந்ததில்லை, வரைவே உளது. 'ஆக்டிவேட்' செய்த பொழுதே தரவுத்தளத்தில் மெய்யான அட்டவணை உண்டாகும். புதிய புலம் ஒன்றை ஈற்றிற் சேர்த்தல் பெரும்பாலும் எளிது. உள்ள புலத்தைக் குறுக்குதலும் திறவுகோற் புலங்களை மாற்றுதலும் அவ்வாறல்ல. அப்பொழுது பழைய தரவு முழுவதும் புதிய வடிவிற்குப் பெயர்க்கப்படல் வேண்டும். அதற்கென எஸ்.ஈ.14 என்னும் வேறொரு கருவி உண்டு. அதில் தரவைக் காத்தல், தரவை அழித்தல் என்னும் இரண்டு தெரிவுகள் அருகருகே நிற்கும். அழித்தலைத் தெரிந்தவன் வெறும் அட்டவணையையே பெறுவான். காத்தலைத் தெரிந்தவனும், திறவுகோலைக் குறுக்கியிருப்பானாயின், தப்பினான் அல்லன். முன் வேறுபட்டிருந்த பல வரிகள் இப்பொழுது ஒரே திறவுகோலை உடையனவாகும். அவற்றுள் ஒன்றே மீளும், எது மீளும் என்பதை முன்னரே கூறவும் இயலாது.