புள்ளியை விடு, கோட்டைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈரோட்டுக் கடைக்காரர் காட்டிய டேப்லெட்டில், வலது மூலைக்குச் சற்றுக் கீழே பச்சையாக ஒரு புள்ளி எரிகிறது. பெட்டி பிரித்த பீஸ், அந்தப் புள்ளிக்காக இரண்டாயிரம் குறைத்துத் தருகிறார், பில்லும் வாரன்டியும் உண்டு என்கிறாய். முதல் முதலாகச் சொந்தக் காசில் வாங்கும் கருவி, அதிலேயே குறையா என்று உனக்கு மனசு கேட்கவில்லை. புள்ளி ஒன்றுதான் தடை என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் நீ புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததில், பார்க்க வேண்டிய வேறு சிலவற்றைப் பார்க்கவே இல்லை என்று தெரிகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ஜக்கார்டு டிசைனுக்கு வருகிற உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நீ சொன்ன மாடலில் திரை 10.4 அங்குலம், 2000க்கு 1200 பிக்சல். பெருக்கினால் 24 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்கு; ஆக 72 லட்சம் சின்னஞ்சிறு விளக்குகள். ஒவ்வொன்றையும் அணைக்க, ஏற்றத் தனித்தனியே ஒரு டிரான்சிஸ்டர். அதில் ஒரு பச்சை அணைய மறுக்கிறது. ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர், நாற்பதாம் நம்பர் பருத்தி நூலின் குறுக்களவைவிடக் குறைவு. மூன்று பங்கும் செத்துப்போனால் அது கரும்புள்ளி. அதற்கு வைத்தியம் கிடையாது. எரிந்தபடி நிற்கும் புள்ளி மட்டும், வண்ணங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவைச் சில மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் சரியாகும். துணியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதே. ஒரு புள்ளிக்கு அழுத்தப் போய் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும்.

புதிய பொருள் என்றால் ஒரு புள்ளிகூட இருக்காது என்று பெரும்பாலும் எவரும் எழுதித் தருவதில்லை. 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற தரவிதி திரைகளை வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் குறையே கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் இருண்டவை 2, உன்னுடையதைப் போல ஒரு பங்கு மட்டும் கோளாறானவை 5 வரை இருக்கலாம். 2008இல் அந்த விதிக்குப் பதிலாக வேறொன்று வந்தாலும் கணக்குப் போடும் முறை அதே வழிதான். 24 லட்சம் பிக்சலுக்கு நீயே கணக்குப் போட்டுப் பார். உன் ஒற்றைப் பச்சைப் புள்ளி அந்த வரம்பின் வாசலைக்கூடத் தொடவில்லை.

துணி மடிப்பவர்கள் மத்தியில் வளர்ந்த உனக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஏற்றுமதித் துணியை மேசையில் உருட்டிப் பார்க்கும்போது நான்கு புள்ளி முறையில்தானே எண்ணுகிறார்கள்? குறை 3 அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு புள்ளி, 6 வரை இரண்டு, 9 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. ஒரு கஜத்துக்கு நான்குக்கு மேல் போட மாட்டார்கள். நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்குள் வந்தால் துணி தேறிவிட்டது என்பது பொதுவாக நடப்பில் இருக்கிற கணக்கு. ஊடையில் ஒரு சின்ன முடிச்சுக்கு யாரும் ரோலைத் திருப்பி அனுப்புவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்து, அதைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால்? கஜத்துக்கு நான்கு, கஜத்துக்கு நான்கு என்று ஏறி மொத்த ரோலும் செகண்ட்ஸுக்குப் போகும். முடிச்சு நின்ற இடத்தில் நிற்கும், அறுந்த இழை ஓடும். திரையையும் நீ இப்படித்தான் பார்க்க வேண்டும். எந்தக் குறை கண்ணாடியோடு நின்றுவிடுகிறது, எந்தக் குறை உன் ஃபைலுக்குள் இறங்கித் தறி வரைக்கும் ஓடுகிறது?

உன் வேலையை வைத்தே பார்ப்போம். 400 ஹூக் ஜக்கார்டுக்கு டிசைன் போடுகிறாய். கிராஃபில் ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு இழையும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். அகலவாக்கில் ஹூக்குக்கு ஒன்றாக வரும் 400 கட்டத்தையும் திரையில் நிரப்பினால் ஒரு கட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து, 25 பிக்சல் கிடைக்கும். அதில் ஒன்று பச்சையாக எரிந்தால் கட்டத்தின் நிறம் உனக்குத் தெரியாமல் போகாது. பெரிதாக்கி வேலை செய்யும்போது அது இன்னும் அற்பம். முந்தானை முழுவதையும் சுருக்கிப் பார்க்கும் நேரத்தில்தான் ஒரு கட்டம் ஒரு பிக்சலாகும். அப்போது அந்தப் புள்ளி தவறாக விழுந்த இழை மாதிரித் தெரியும். இரண்டு விரலால் படத்தை நகர்த்து. படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் உன் தவறு, கண்ணாடியிலேயே நின்றால் திரையின் தவறு. எப்படியிருந்தாலும் அந்தப் பச்சை ஃபைலில் சேராது, டிசைன் கார்டிலும் விழாது. கருநீலம், கறுப்பு என்று இருட்டான தரையில் வேலை செய்யும்போது கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். சிலருக்கு அந்த உறுத்தலே தாங்காது. நீ அந்த ரகமா என்பது உனக்குத்தான் தெரியும்.

பேனா இழுக்கும் கோடு அப்படியல்ல. திரைக்கு அடியில் ஒரு நுண்ணிய கம்பி வலை பேனா எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பேனா போகும்போது அந்தக் கணக்கு கொஞ்சம் தோராயமாகிவிடும். வேகமாக இழுத்தால் தெரியாது. சாய்வாக, மெதுவாக இழுத்தால் கோடு பாம்பு மாதிரி நெளியும். எல்லா டேப்லெட்டிலும் இது கொஞ்சம் இருக்கும். வலையில் கோளாறு இருந்தால் அளவுக்கு மீறி நெளியும், அல்லது ஒரு பட்டை அகலத்துக்குப் பேனாவே எழுதாது. நீ மாங்காய் புட்டாவின் வளைவை நிதானமாக இழுக்கிறாய். அந்த நெளிவு கோட்டில் பதிகிறது. கோட்டைக் கட்டங்களாக மாற்றும்போது நெளிவு ஒழுங்கற்ற படிகளாகிறது. ஒரு புட்டாவில் இரண்டு கட்டம் தவறினால், சேலை முழுக்க அந்தப் புட்டா எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் அதே இடத்தில் அதே தவறு. இல்லாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்து. காகித ஆலையை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, காகிதத்தில் கிராஃப் போடுகிற ஆளைத் தேடும் காலத்தில் இருக்கிறோம். ஆனாலும் பிரஷ் பிடித்துக் கட்டம் நிரப்பியவர்களுக்கு இந்தப் பாம்புக் கோட்டுத் தொல்லை இருந்ததில்லை.

அதனால் கடைக்குப் போகும்போது ஒரு ஸ்டீல் அளவுகோலை எடுத்துக்கொண்டு போ. அதைச் சாய்வாக வைத்து, மெதுவாக, திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கோடுகள் இழு. அதே மாடலில் இன்னொரு பீஸிலும் இழுத்து ஒப்பிடு. ஒப்பிடாமல் இது இயல்பா கோளாறா என்று சொல்ல முடியாது. பிறகு திரை முழுவதையும் இடைவெளி விடாமல் கிறுக்கு. எங்கே மை பிடிக்கவில்லையோ அங்கே வலை செத்திருக்கிறது. சார்ஜரைச் செருகியபடி இன்னொரு முறை செய்து பார். மட்டமான சார்ஜரின் மின்னிரைச்சலால் தொடாமலே தொட்டதாகத் திரை நடந்துகொள்வது உண்டு. அது சார்ஜரை மாற்றினால் போய்விடும். மாற்றியும் போகவில்லை என்றால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்காதே.

வளரும் குறைகளையும் தொடாதே. விளிம்பில் மயிரிழை விரிசல், ஓ.எல்.இ.டி. திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு, திரை ஓரமாக லேசாக மேலெழும்பியிருப்பது. கடைசியில் சொன்னது பெரும்பாலும் உள்ளே பேட்டரி உப்புவதன் அடையாளம். அது திரைக் குறையே அல்ல, ஆபத்து. பேட்டரிக்குச் சூடு ஆகாது; ஐபேடை 35 டிகிரி வரையான சூழலில்தான் இயக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரையில் நம் ஊர்த் தகரக் கொட்டகைத் தறிப்பட்டறைக்குள் 35 டிகிரி காலை நேரத்துக் கணக்கு. டேப்லெட்டைத் தறிமேடையிலோ வண்டி டிக்கியிலோ போட்டுவைக்காதே. பஞ்சுத் தூசி கண்ணாடியைக் கீறாது. அதோடு கலந்த மணல் கீறும். சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை விடு. மேலே ஒட்டுகிற கண்ணாடியில் கீறல் விழுந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம், அது கணக்கிலேயே வராது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். திரை ஒரு பக்கம் மஞ்சளடித்திருந்தால் குறை என்று பதறுவாய். அது குறைதான், ஆனால் குறையே இல்லாத திரையை நம்பியும் நீ நிறம் முடிவு செய்யக் கூடாது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று நீயே மாலையில் நீலத்தைக் குறைக்கும் வசதியைப் போட்டுவைத்திருப்பாய். முதலில் அதை அணை. நூல் ஷேட் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வெளிச்சத்துக்கு வா. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு மெரூன், வெயிலில் வேறு வேறாகிவிடும். சாயப்பட்டறைக்காரருக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பி ‘இந்த நிறம்’ என்று சொல்லாதே. அவருடைய போன் திரை என்ன நிறமோ யார் கண்டார்? நூல் துண்டைக் கொடுத்து அனுப்பு. டேப்லெட்டில் நீ போடும் நிறம் இந்த இழை வேறு, அந்த இழை வேறு என்று பிரித்துக் காட்டினால் போதும்.

விலைக்கு வருகிறேன். இரண்டாயிரம் தள்ளுபடி நியாயமா என்றால், நாளை நீ விற்கும்போது வாங்குகிறவனும் இதே புள்ளியைக் காட்டிக் குறைப்பான். அதனால் லாபம் என்று நினைக்காமல் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள். வாரன்டியில் சரிசெய்துகொள்ளலாம் என்றும் நம்பாதே. எது குறை, எது இயல்பு என்று சொல்லும் உரிமையைக் கம்பெனிகள் தங்கள் கையில்தான் வைத்திருக்கின்றன. 2021இல் வந்த சிறிய ஐபேடில் பக்கத்தை உருட்டும்போது ஒரு பாதி பின்தங்கி, எழுத்து ஜெல்லி மாதிரி ஆடுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். எல்.சி.டி. திரைக்கு அது இயல்புதான் என்று ஆப்பிள் பதில் சொல்லி முடித்துக்கொண்டது. அவ்வளவு பேர் கண்ணில் பட்டதற்கே அந்தப் பதில் என்றால் உன் ஒற்றைப் புள்ளிக்கு என்ன பதில் வரும் என்று யோசி.

எல்லாவற்றையும்விடப் பில்லில் கவனமாக இரு. தெரிந்தே வாங்கிய குறைக்காகப் பிறகு சண்டை போட முடியாது. அதனால் எந்தக் குறையைத் தெரிந்து வாங்குகிறாயோ அதை மட்டும் எழுதச் சொல். ‘வலது மேல்புறம் ஒரு பச்சைப் புள்ளி’ என்று பில்லில் இருக்கட்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. நாளை பேனா பட்டை செத்தாலும் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். கடை ஆற்றுக்கு அக்கரையில், ஈரோடு மாவட்டத்தில். நீ இக்கரையில், நாமக்கல் மாவட்டத்தில். பழைய 1986 சட்டப்படி கடை இருக்கும் பக்கம் போய்த்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீ குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. அதற்கும் முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினாலே பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதே. அளவுகோலை வைத்துக் கோடு இழுக்க விடமாட்டார்கள். வார நாளில், கடை திறந்ததும் போ. கோடு நேராக வந்தால், புள்ளியை மட்டும் எழுதிப் பில் போட்டால், வாங்கிக்கொண்டு வா. மறுத்தால் பாலம் தாண்டி இன்னும் பத்துக் கடை இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்,
பள்ளிபாளையம்