மனை வாங்கப் போறீங்களா? கொம்யூன் ரசீது மட்டும் போதாது!

வில்லியனூர் பக்கம் வயலை ஒட்டிக் கல் நட்டு மனை போட்டிருக்காங்க. "கொம்யூன்ல வீட்டு வரி ரசீது வாங்கித் தந்துடுறோம், தைரியமா அட்வான்ஸ் குடுங்க" என்கிறார் தரகர். குடுக்கலாமா? கொஞ்சம் பொறுங்க.

யாருக்கு எந்த அதிகாரம்?

தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி என்றால் கொம்யூன் பஞ்சாயத்துதான். அது 1973-ஆம் ஆண்டின் கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டப்படி இயங்குகிறது. ஆனால் எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம் என்று வகுப்பது 1969-ஆம் ஆண்டின் நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டம். அதன்படி நகர அமைப்புக் குழுமம் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும். அரசு ஒப்புதல் தரும். அந்த வகைப்பாட்டைக் கொம்யூன் தானாக மாற்ற முடியாது.

அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கான 29 பொருள்களில் ஊரக வீட்டுவசதி உண்டு. நில உபயோகம், கட்டட ஒழுங்குமுறை ஆகியவை நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில்தான் உள்ளன. அவற்றையும் எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

ஊசுட்டேரி, பாகூர் ஏரி போன்ற ஏரிகளின் தண்ணீர் ஒரு ஊர் எல்லையோடு நிற்பதில்லை. ஒரு ஊரில் வாய்க்காலை மூடி மனை போட்டால், மழைக்காலத்தில் அடுத்த ஊர் வீட்டுக்குள்ளே தண்ணி வரும்.

அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டியவை

1. ரீசர்வே எண், கதாஸ்தர் எண் இரண்டையும் கேட்டு வாங்குங்க. செட்டில்மென்ட் காப்பியில் உள்ள பெயரும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகுதா பாருங்க.
2. அந்த எண்ணைச் சொல்லி, நிலம் எந்த உபயோகத்தில் வருகிறது என்று குழும அலுவலகத்தில் விசாரிங்க.
3. லே-அவுட் ஒப்புதல் ஆணையையும் வரைபடத்தையும் கேளுங்க. "விண்ணப்பம் போட்டிருக்கோம்" என்பது ஒப்புதல் ஆகாது.
4. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்றால், 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா பதிவு எண் வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.
5. நரம்பை, பன்னித்திட்டு போன்ற பாகூர் கொம்யூன் கடலோர ஊர்கள் என்றால், மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை விதியையும் பாருங்க.

வரி ரசீது நீங்க வரி கட்டியதற்குச் சாட்சி. வீடு கட்டுவதற்கான அனுமதி அல்ல. அனுமதி இல்லாமல் கட்டினால் நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், தரகர் பேருக்கு இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி விசாரிச்சுடுங்க.