அலாரம் வேறு, ட்ரிப் வேறு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, கேம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே தானா ஆஃப் ஆயிடுது. வைரஸா இருக்குமோ?"

வைரஸ் இல்லை. இதன் பெயர் ட்ரிப். தொழிற்சாலைகளில் தினமும் புழங்கும் சொல். அவற்றை இயக்கும் கண்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. எங்கள் ஊர் கட்டுமாவடியில் மீன் வியாபாரத்திற்கு ஐஸ்தான் உயிர். அதனால் ஐஸ் பிளான்ட்டை வைத்தே அவனுக்கு விளக்கினேன்.

ஐஸ் உறைவது உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய கேன்களில். அந்த உப்புநீர் மைனஸ் 10 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் செட் பாயின்ட். சென்சார் இப்போது காட்டும் மைனஸ் 7, பிராசஸ் வேரியபிள். இடையிலுள்ள 3 டிகிரிக்கு எரர் என்று பெயர். நம் கம்ப்யூட்டரில் எரர் என்றால் தப்பு. இங்கே வெறும் வித்தியாசம், அவ்வளவுதான். கம்ப்ரஸர் மைனஸ் 11ல் நின்று மைனஸ் 9ல் மறுபடி ஓடினால், அந்த 2 டிகிரி இடைவெளி டெட் பேண்ட். இது இல்லையென்றால் மோட்டார் நொடிக்கொரு தரம் ஆன், ஆஃப் ஆகிக் கருகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். அலாரம் மனிதனைக் கூப்பிடும். முடிவு அவன் கையில். ட்ரிப் யாரையும் கேட்காது. அம்மோனியா வாயுவின் அழுத்தம் எல்லை தாண்டினால் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உப்புத்தண்ணீர்ப் பகுதிகளில் கண்டன்சர் குழாயில் படிவு ஏறும், அழுத்தம் கூடும், ட்ரிப் அடிக்கடி விழும். லீவில் போனபோது ஒரு பிளான்ட்டில் பார்த்தேன்: அந்த சுவிட்ச்சைத் தாண்டி ஒரு துண்டு ஒயரைப் போட்டிருந்தார்கள். இதற்கு பைபாஸ் என்று பெயர். "லோடு நிக்குது தம்பி, தொந்தரவா இருந்துச்சு" என்றார் ஆபரேட்டர். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியாது.

போபாலில் மெத்தில் ஐசோசயனேட்டை 0 டிகிரிக்கு அருகில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரத்தை 1984 ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள். செட் பாயின்ட் கையேட்டில் மட்டும் இருந்தது. டிசம்பர் 2 இரவு டேங்குக்குள் தண்ணீர் புகுந்து கொதித்தபோது அதைத் தணிக்க எதுவும் இல்லை.

உங்கள் பிராசஸரிலும் வெப்ப சென்சார் உண்டு. சூடு ஏறினால் முதலில் ஃபேன் வேகமாகச் சுற்றும். பிறகு பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சில மதர்போர்டுகளின் பயாஸில் எச்சரிக்கை வெப்பநிலையை நீங்களே அமைக்கலாம், அது அலாரம். சத்தம் தொல்லை என்று அதைக் கூட்டி வைக்காதீர்கள். பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, கேபினட்டைத் திறந்து, ஃபேனிலும் அதனடியில் உள்ள ஹீட் சிங்க்கிலும் இருக்கும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். சித்தப்பா மகன் கேபினட்டில் ஒரு கைப்பிடித் தூசி வந்தது.