செட் ஆகல என்று சொன்னாயே

ஆர்.எஸ்.புரம்,
கோவை.

அன்புள்ள அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "இந்த வேலை எனக்கு செட் ஆகல அப்பிச்சி" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். பெங்களூருக்குப் போய் மூணு மாசம்கூட ஆகவில்லை. உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாது கண்ணு. அந்தச் சொல்லைப் பற்றித் தெரியும். நூல் மில்லில் 32 வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

செட் என்பது சின்னச் சொல். ஆனால் 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் அதிக இடம் பிடித்தது அதுதான்; 400க்கு மேல் பொருள். நம் ஊருக்குள் அது தோட்டத்து வழியாகவும் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகளில் மோட்டாரும் பம்பும் ஜோடியாக இறங்கின. அதனால் பம்ப் செட். சென்ட்ரல் ஸ்டுடியோவில் சினிமாவுக்குப் போட்ட அரண்மனையும் செட்தான். அங்கெல்லாம் அது பொருளின் பெயர். மில்லுக்குள் அது செய்கிற வேலை.

நூல் நூற்கிற ரிங் பிரேமில் பின் ரோலர் பஞ்சை மெதுவாகக் கொடுக்கும், முன் ரோலர் வேகமாக இழுக்கும். இரண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளிதான் செட்டிங். கருங்கண்ணிப் பஞ்சின் இழை ஓர் அங்குலத்துக்குள் அடங்கும், எம்.சி.யு. 5 ரகத்தின் இழை அதைத் தாண்டும். கருங்கண்ணிக்கு வைத்த இடைவெளியில் எம்.சி.யு. 5 ஓட்டினால் ஒரே இழையை இரண்டு ரோலரும் பிடித்துக்கொள்ளும், இழை அறும். மாற்றி ஓட்டினால் குட்டை இழை பிடிப்பில்லாமல் மிதக்கும். நூல் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிசாகவும் வரும்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பஞ்சு மோசம் என்றேன். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. இடைவெளி அளக்கிற கேஜை எடுத்து ரோலர்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார், நட்டைத் தளர்த்தி ரோலரை நகர்த்தினார், திரும்ப முறுக்கினார். அதே பஞ்சு, அதே மெஷின். அறுபடுவது நின்றுபோனது.

இப்போது நீங்கள் எல்லாவற்றுக்கும் "செட் ஆகல" என்கிறீர்கள். ஆக வேண்டியது தானாக ஆகும் என்பதுபோல இருக்கிறது. தயிர்கூட அமுச்சி உறை ஊற்றினால்தான் செட் ஆகிறது. அதனால் கேட்கிறேன், எந்த இடத்தில் அறுகிறது? ராத்திரி ஷிப்டா? மேனேஜர் பேசுகிற முறையா? படித்தது ஒன்று, கொடுத்த வேலை வேறொன்றா? அது தெரிந்தால் போய்க் கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். கேட்டும் நகர்த்தித் தரமாட்டார்கள் என்றால் கிளம்பி வந்துவிடு. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பஞ்சுக்குத் தகுந்தபடி ரோலரை நகர்த்துவார்களே தவிர, இழையை வெட்டிக் குட்டையாக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த இடத்தை மட்டும் சொல்.

இப்படிக்கு,
அப்பிச்சி