வெள்ளியின் இயல்பும் கொல்லாமை அறமும்

பொன்னுக்கு அடுத்ததாக நம் முன்னோர் போற்றிய உலோகம் வெள்ளியாகும். கலசப்பாக்கம், ஆரணி வட்டாரங்களில் வாழும் நாம் அதனை மூன்று வடிவங்களில் காண்கிறோம். ஜினாலயத்தில் திருநீராட்டுக்குரிய கலசமாகவும், தறியில் சரிகையாகவும், விருந்தில் இனிப்புகளின்மேல் ஒட்டிய ரேக்காகவும் அது விளங்குகின்றது. இவற்றுள் மூன்றாவது நம் அறத்தோடு நேரே தொடர்புடையது. ஆதலின், முதற்கண் வெள்ளியின் இயல்பினை அறிவோம்.

வெள்ளியின் அணு எண் 47. அது நீரைப்போல் ஏறத்தாழ பத்தரை மடங்கு கனமுடையது. ஏறக்குறைய 962 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துவதில் உலோகங்கள் அனைத்திலும் இதுவே முதன்மையானது. தூய வெள்ளி மென்மையானதாதலால், அணிகலன்களுக்கு 92.5 விழுக்காடு வெள்ளியுடன் செம்பு கலந்து உறுதியாக்குவர். வெள்ளி துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் படிவதனாலேயே பாத்திரம் கறுக்கின்றது.

தகடாகவும் கம்பியாகவும் நீளும் தன்மையில் பொன்னுக்கு அடுத்தது வெள்ளியே. மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழையின்மீது சுற்றிப் பொன்முலாம் பூசுவதே உயர்ந்த சரிகை. பட்டு நூலினைப் பற்றிய அறவினா தனியே ஆராயத்தக்கது. இங்கு ரேக்கினை மட்டும் நோக்குவோம்.

வடநாட்டில் 'வரக்' எனப்படும் வெள்ளி ரேக்கு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. பழைய முறையில், வெள்ளித் துண்டுகளை விலங்கின் தோலாலோ குடற்சவ்வாலோ ஆகிய ஏடுகளின் இடையே வைத்து, நெடுநேரம் சுத்தியலால் அடிப்பர். அடியைத் தாங்குவதும், வெள்ளி ஒட்டாமல் பிரிவதும் அவ்வேடுகளின் பயனாகும். வெள்ளி குற்றமற்றது, அதனை மெலிவிக்கும் ஏட்டிலேதான் கொலை மறைந்துள்ளது.

உணவுக்குரிய ரேக்கு 99.9 விழுக்காடு தூயதாயிருத்தல் வேண்டும் என்பது விதி. விலங்குப் பொருள் எதுவும் அதன் ஆக்கத்தில் பயன்படலாகாது என்று 2016ஆம் ஆண்டு நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. அவ்விதியை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பெற்றது. ஆகவே, சட்டத்தின்மீது மட்டும் பாரத்தைச் சுமத்திவிட்டு நாம் வாளாவிருத்தல் இயலாது.

தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமக் கொள்கை. ரேக்கு அடிப்பவரை நாம் கண்டதில்லை. எனினும், அறிந்தபின் விலை கொடுத்து வாங்குதல் உடன்படுதலேயன்றோ?

விரலிடையே தேய்த்தால் வெள்ளி ரேக்கு மறைந்துபோகும். அலுமினியத் தாளோ சிறு துணுக்குகளாகத் திரளும். இச்சோதனை உலோகத்தைக் காட்டுமேயன்றி, ஏட்டினைக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாததைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இயந்திரத்தில், தோல் கலவாத செயற்கைத் தாள்களின் இடையே செய்யப்பெறும் ரேக்கும் கிடைக்கின்றது. ஆதலின், திருமணத்திற்கும் விழாவிற்கும் இனிப்பு சொல்லும்போது, ரேக்கு எம்முறையில் ஆகியது எனக் கடைக்காரரை வினவுவோம். தெளிவான விடை இல்லையேல், ரேக்கின்றியே தருமாறு கூறுவோம். இனிப்பின் சுவை அதனால் எள்ளளவும் குறையாது. நம் அணுவிரதமும் பழுதுபடாது.

கொல்லா அறம் ஓங்குக!